கட் ஆஃபுக்குப் பிறகு

கணக்கில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 84. கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 177. மே மாதத்தில் இந்தக் கூட்டலைப் போடாத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் பிள்ளையின் பெயர் பின்னுக்குப் போய்விடும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கட் ஆஃப் எவ்வளவு?"

இந்த எண்ணுக்கு ஒரு நேர்மை உண்டு. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், கையில் எவ்வளவு பணம் என்று அது பார்ப்பதில்லை. 200க்கு எவ்வளவு என்பதை வைத்து மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசை. ஆனாலும் ஒரே கட் ஆஃப், ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு, கிட்டத்தட்ட ஒரே ரேங்க் உள்ள இரண்டு பேரில் ஒருவர் அரசுப் பொறியியல் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டிப் படிக்கிறார். இன்னொருவர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, லேப் பூட்டியே கிடக்கும் கல்லூரியில் படிக்கிறார். வருடாவருடம் இது நடக்கிறது. மதிப்பெண் சமமாக இருக்கும்போது வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தேர்வு அறையில் தீர்த்துவிட்டதாக நாம் நினைக்கும் ஏற்றத்தாழ்வில் ஒரு பகுதி, விண்ணப்பம் போடும் இடத்துக்குக் குடிமாறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சரியாக நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் தொடங்கியதும் அதே காலத்தில்தான். பழைய கட் ஆஃப் 300க்கு: பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அந்த 100ஐ வாங்கப் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. பயிற்சி வகுப்பு இருந்த ஊர்ப் பிள்ளைகள் முன்னே போனார்கள். 2006இல் கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைக்க, சட்டம் இயற்றி, 2007-08 முதல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. கிராமத்து மாணவர்களுக்கும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய திறப்பு என்பதை அன்றைக்கு எதிர்த்தவர்களே இன்று மறுக்க மாட்டார்கள். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இதற்குப் பல காரணங்கள் உண்டு. மதிப்பெண்ணையே சேர்க்கைக்கு அளவாக வைத்தது அவற்றில் ஒன்று.

2017 வரை பொறியியல் கவுன்சலிங் என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகம். முதல் நாள் ராத்திரி பஸ் ஏறி, கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவி, மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு பெற்றோரும் பிள்ளையும் வந்து சேர்வார்கள். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போய் கணினி முன் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலைச்சல்தான், செலவுதான். ஆனால் அந்த வரிசையில் ஒரு பேச்சு நடக்கும். "அந்தக் காலேஜா? என் அண்ணன் மகன் அங்கதான் படிக்கிறான், வேணாம்" என்று யாரோ முன்பின் தெரியாதவர் சொல்லும் ஒரு வார்த்தை, நாலு வருடத்தைக் காப்பாற்றிவிடும். 2018இல் எல்லாம் ஆன்லைனுக்குப் போனது; அடுத்த ஆண்டு முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பஸ் செலவு மிச்சம். கூடவே அந்த வரிசையும் போய்விட்டது. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு திரையின் முன் இருக்கிறார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அவர்களுடைய வருடம் அமைகிறது.

ஆனால் கல்லூரி விண்ணப்பத்தின் முதல் முடிவு பிளஸ் டூவுக்கு இரண்டு ஆண்டு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் நாளில், பதினைந்து வயதுப் பிள்ளை பல கதவுகளைத் திறக்கிறது, சிலவற்றைப் பூட்டுகிறது. கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் கலந்தாய்வு கிடையாது. உயிரியல் இல்லையென்றால் மருத்துவம், கால்நடை, பி.எஸ்சி. நர்சிங் பக்கம் போக முடியாது. இது வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் நல்லது. தெரியாத வீடுகளில் என்ன நடக்கிறது? பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறதோ அதுதான் குரூப். பல ஊர்ப் பள்ளிகளில் எல்லாப் பிரிவும் இருப்பதில்லை. அறிவியல் பிரிவு வேண்டுமானால் எட்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும் என்றால், பெண் பிள்ளைக்கு வீட்டில் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். பத்தாவதில் 380 எடுத்த பெண் "கணக்கு வராது" என்று ஒரு ஆசிரியர் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் வணிகவியலுக்குப் போவதும் உண்டு.

வணிகவியலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பி.காம்., சி.ஏ., ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என்று அந்தப் பக்கம் நல்ல பாதைகள் இருக்கின்றன, முதலாமாண்டு பி.காம். இடத்துக்கு நடக்கும் அடிதடி பல பொறியியல் கல்லூரிகள் கனவில்கூடக் காணாதது. குறை என்னவென்றால், அந்தப் பாதைகளையும் அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. பாலிடெக்னிக் முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது பத்தாம் வகுப்பில் தடுமாறிய பல பிள்ளைகளுக்கு நல்ல வழி. அதைப் பிழைக்கத் தெரியாதவன் போகும் பாதையாகப் பேசுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது.

அடுத்தது காகிதம். தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. மீதி 31 எல்லோருக்கும் பொது. இதன் மேல் 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட மற்ற தொழிற்கல்விகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அப்படிச் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்த உரிமை எல்லாம் மாணவர் கைக்கு வந்து சேர்வது ஒரு காகிதத்தின் வழியாக. சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால், விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், ஆர்.ஐ.யிடம் போய், தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்தோடு திரும்பி வரும். அமைதியான நவம்பரில் விண்ணப்பித்தால் சில நாளில் கிடைக்கும். மே மாதம், மாவட்டமே வரிசையில் நிற்கும்போது விண்ணப்பித்தால்? ஆர்.ஐ. லீவு, சர்வர் டவுன், பெயரில் இனிஷியல் தப்பு, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பழங்குடியினர் நிலைமை இன்னும் கடினம். அவர்களுக்குச் சாதிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணை நீளும். அப்பாவுக்கே சான்று இல்லாத குடும்பங்களில் பிள்ளை எதைக் காட்டும்? ஒரு சதவீத இடத்துக்குத் தகுதியுள்ள பிள்ளை, சான்று வராததால் பொதுப் பிரிவில் போட்டியிடுவது அரிதான செய்தி இல்லை.

முதல் பட்டதாரிச் சான்று தனிக் கதை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது; இருந்தால் கிடையாது. கிடைத்தால் சுயநிதிக் கல்லூரியில் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் வரை குறையும். இப்படி ஒரு சான்று இருப்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? பட்டதாரி அக்கா அண்ணன் இல்லாத வீட்டுக்குத்தான் அந்தச் சான்று. அதனாலேயே அதைப் பற்றிச் சொல்லவும் அந்த வீட்டில் ஆள் இல்லை. 7.5 சதவீதத்துக்கும் ஒரு முள் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. ஏழாம் வகுப்பில் சர்ச் பள்ளிக்கோ சங்கப் பள்ளிக்கோ மாற்றிவிட்ட ஏழைத் தகப்பன், ஆறு வருடம் கழித்து வரப்போகும் அரசாணையைக் கனவிலா கண்டிருப்பார்?

பிறகு தேதிகள். பொறியியலுக்கு ஒரு போர்ட்டல் இருப்பதால் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம், வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி, கால்நடை மருத்துவத்துக்குத் தனி, சட்டத்துக்குத் தனி. இவை எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் கேட்கின்றன, ஆனால் வேறு வேறு கூட்டலில், வேறு வேறு தேதியில். கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம் என்பதே தெரியாமல், நீட்டில் குறைந்துவிட்டது என்று உயிரியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ.; மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சி.யு.இ.டி.; கட்டடக்கலைக்கு நாட்டா. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஜே.இ.இ. முதல் கட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தேதி பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்துவிடுகிறது. பொதுத்தேர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்த பிள்ளைக்குப் பிறகு என்று ஒன்று இல்லை.

மருத்துவத்தை இங்கே சுருக்கமாகத்தான் தொட முடியும். 2017 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு அங்கே வேலையில்லை. 720க்கு எழுதும் நீட்தான் எல்லாம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கும் அதனால் நேர்ந்ததை விரிவாகச் சொல்கிறது. 1984க்குப் பிறகு பொறியியலில் பார்த்த அதே பயிற்சி வகுப்புப் பொருளாதாரம், பல மடங்கு பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறது. நீட்டுக்காக ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வசதி இருப்பவரும், அது முடியாமல் கிடைத்ததில் சேர்பவரும் ஒரே போட்டியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

தேதிகள் பிசகுவதில் லாபம் பார்ப்பவர்கள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் நுழைவுத் தேர்வும் சேர்க்கையும் பெரும்பாலும் பிளஸ் டூ ரிசல்டுக்கு முன்பே முடிந்துவிடும். ஏப்ரலில் ஒரு தொலைபேசி வரும்: இடம் இருக்கிறது, ஸ்காலர்ஷிப்கூட இருக்கிறது, இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் நிச்சயம். ரிசல்ட் எப்படியிருக்குமோ என்ற பயத்தில் இருக்கும் பெற்றோர் கட்டிவிடுவார்கள். ஜூலையில் கவுன்சலிங்கில் நல்ல அரசு உதவி பெறும் கல்லூரி கிடைக்கும்போது முன்பணம் கண்ணை உறுத்தும். "கட்டின காசு போயிடுமே" என்பதற்காக நல்ல இடத்தை விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காசு போக வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் கட்டணத்தை ஏறக்குறைய முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகு விலகுவோருக்கும் படிப்படியாகக் குறையும் விகிதம் உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. அலுவலகத்தில் கிளார்க், "டி.சி. வேணும்னா மொத்த வருட ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லும்போது, அந்த அறிவிக்கையின் பிரதியைக் கையில் வைத்திருக்கும் தகப்பனுக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

இனி சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் பட்டியல் போடுவது. கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான். பொறியியலுக்கு 2025இல் பதிவு செய்தவர்கள் மட்டும் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. பதிவு செய்தவருக்குப் பத்து இலக்க ரேண்டம் எண் தருவார்கள். கட் ஆஃப், கணிதம், இயற்பியல் என்று எல்லா மதிப்பெண்ணும் சமமாகி, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு வேலை. அது வெளியாகும் நாளில் தொலைக்காட்சிகள் லாட்டரி குலுக்கல் போல அலறுவது எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. ரேங்க் வந்த பிறகு, ரேங்க் வரிசையில் சுற்றுகளாகப் பிரித்து அழைப்பார்கள். ஒரு சுற்றில் பட்டியல் போட மூன்று நாள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம்.

கணினி செய்வது மிக எளிய வேலை. முதல் ரேங்க்காரரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாம் ரேங்குக்குப் போகும். உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். பொதுப் பிரிவில் இல்லையென்றால் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் இரண்டாம் விருப்பத்துக்கு இறங்கும். அவ்வளவுதான். உங்கள் பிரிவிலேயே உங்களுக்குக் கீழே இருக்கும் ஒருவர், நீங்கள் பத்தாவதாக எழுதிய கல்லூரியை முதலாவதாக எழுதியிருந்தாலும், உங்களைத் தாண்டி அதை எடுக்க முடியாது. ஆகவே எட்டாத கல்லூரியை உச்சியில் எழுதுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த ஏற்பாட்டில் தந்திரத்துக்கே இடமில்லை. மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் ஆகச் சிறந்த தந்திரம். சேர்க்கை முறைகளை ஆராயும் பொருளியலாளர்கள் இதைக் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்கள்.

ஆனால் தாலுகா தலைநகரத்து பிரவுசிங் சென்டரில் நடப்பது வேறு. ஒரு ஜூலை சாயங்காலம். அப்பாவின் சட்டைப் பையில் நாலாய் மடித்த தாள். அதில் எட்டுக் கல்லூரிகள். கட் ஆஃப் 170ஐத் தாண்டியிருக்கிறது, பெண்ணுக்கு ஈ.சி.ஈ. ஆசை. தாளில் முதலில் இருப்பது வீட்டு வாசலுக்கே பஸ் வரும் ஒரு சுயநிதிக் கல்லூரி. இரண்டாவது, தூரத்துச் சொந்தம் ஒருவர் வேலை பார்க்கும் கல்லூரி. ஐந்தாவது இடத்தில் சேலம் அரசுக் கல்லூரி, அதற்குக் கீழே பர்கூர் அரசுக் கல்லூரி. ஏன் இப்படி என்று கேட்டால், "கவர்மென்ட் காலேஜ் நமக்கெல்லாம் கிடைக்காதுங்க, அதை மொதல்ல போட்டா மத்ததும் போயிடும்னு சொன்னாங்க" என்கிறார். யார் சொன்னது? முதல் கல்லூரியின் ஆள்தான். ஆபரேட்டர் தாளில் உள்ளபடியே தட்டி, லாக் செய்துவிட்டு, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கணினி சொன்னபடி கேட்டது. கேட்ட முதல் கல்லூரியையே கொடுத்திருக்கும். அந்தப் பெண்ணின் ரேங்குக்குக் கீழே உள்ள யாரோ ஒருவர் சேலத்துக்குப் போயிருப்பார்.

சில கல்லூரிகள் இதை ஒரு சேவையாகவே செய்கின்றன. ஊருக்குள் வழிகாட்டி முகாம், பிள்ளைகளுக்கு இலவசப் பை, மதியம் பிரியாணி, கடைசியில் "லாகின் பாஸ்வேர்டு குடுங்க, நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்." கொடுத்துவிட்டால் பட்டியல் அவர்களுடையது. ஓ.டி.பி., பாஸ்வேர்டு யாரிடமும் தராதீர்கள் என்று அறிவிப்புகள் சொல்லத்தான் செய்கின்றன. அறிவிப்பைப் படிப்பவர்கள் பாஸ்வேர்டு தருபவர்கள் இல்லை.

ஒதுக்கீடு வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. தற்காலிக ஒதுக்கீட்டைப் பார்த்து இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்: ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்; ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே உள்ள விருப்பத்தில் இடம் வந்தால் கொடுங்கள்; இது வேண்டாம், மேலே உள்ளது மட்டும் வேண்டும்; அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; விலகுகிறேன். பதிலே சொல்லாமல் இருந்தால் கிடைத்த இடமும் போச்சு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு புரியாமல் கையில் இருந்ததை நழுவவிட்டவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வு உதவி மையங்களில் அழுதுகொண்டு நிற்கிறார்கள். 2022இல் செய்த ஒரு மாற்றம் நன்றாக வேலை செய்கிறது. ஒதுக்கீடு பெற்றவர்கள் குறித்த சில நாளுக்குள் கல்லூரியில் சேர வேண்டும். மேல்நோக்கிக் காத்திருப்பவர்கள் உதவி மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். முன்பெல்லாம் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு வேறெங்கோ சேர்ந்துவிடுவார்கள். நல்ல கல்லூரிகளிலேயே அந்த நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

வரிசையை எதை வைத்துப் போடுவது? பெரும்பாலானோர் போன வருடக் கட் ஆஃபைப் பார்க்கிறார்கள். அது வழுக்கும் தரை. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறிவிடும். முழு 200 எடுத்தவர்களே நூறு பேருக்கு மேல் இருந்த ஆண்டுகள் உண்டு. போன வருடம் 180இல் முடிந்த இடம் இந்த வருடம் 183இல் முடியலாம். ரேங்க் அப்படி ஏமாற்றாது. முந்தைய ஆண்டு எந்த ரேங்கில் இடம் தீர்ந்தது என்ற பட்டியலும் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பார்ப்பவர்கள்தான் குறைவு. கல்லூரிக்கு நாக் சான்று இருக்கிறது என்பதைவிட, சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்பது முக்கியம். இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பேருந்து முதுகில் ஒட்டியிருக்கும் "100% பிளேஸ்மென்ட்" விளம்பரத்தைவிட அந்த வறண்ட அட்டவணை நம்பத்தக்கது. ஆசிரியர் பட்டியலை மட்டும் அப்படியே நம்ப முடியாது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டி அங்கீகாரம் வாங்கியதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகம் விசாரிக்க வேண்டியதாயிற்று. கல்லூரிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போய், மூன்றாமாண்டு மாணவர் ஒருவரை கேன்டீனில் பிடித்துப் பேசுவதற்கு ஈடான தரவரிசை இன்னும் வரவில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, அங்கீகாரம் பெற்ற பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 87,000 ரூபாய். ரசீதில் இருப்பது இது. 'டெவலப்மென்ட்', 'டிரெய்னிங்' என்ற பெயர்களில் ரசீதுக்கு வெளியே இருப்பது வேறு. நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 1992இலேயே வந்துவிட்டது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கலந்தாய்வில் கிடைக்கக்கூடிய இடத்தையே, ஜூன் மாதப் பதற்றத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் காசு கொடுத்து வாங்கும் குடும்பங்கள் எத்தனையோ. வாங்கிய கல்லூரியில் அதே பிரிவு ஆகஸ்ட் கடைசியில் காலியாகவே இருந்திருக்கும்.

கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றி நம் பத்திரிகைகள் மே மாதத்தில் பேசுவதே இல்லை. 160க்கும் மேற்பட்ட அரசுக் கல்லூரிகளுக்கு 2020 முதல் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கும் பதிவுக்கும் சேர்த்து 50 ரூபாய்தான். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடம் என்று தரவரிசை. ஆனால் பெயர்பெற்ற உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அங்கே போய்ச் சேரும் கிராமத்துப் பிள்ளை கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஒரே வளாகம், ஒரே பெயர்ப் பலகை. ஆனால் உதவிபெறும் பிரிவில் ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவில் அதைப்போலப் பல மடங்கு. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். கவுண்டரில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன், அதன் கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், 2024இல் ஆண்களுக்கும் வந்த தமிழ்ப் புதல்வன் எல்லாம் உண்மையான உதவிகள். உதவி மையங்களில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு உள்ள குறை காலத்தைப் பற்றியது. மண்டபத்தில் ஐந்நூறு பேரை உட்கார வைத்து மே மாதத்தில் பேசுவதைவிட, பிளஸ் ஒன்னில் குரூப் கொடுக்கும் முன் பத்தாம் வகுப்பில் ஒரு முறை, சான்றிதழ்களுக்காகப் பிளஸ் டூ நவம்பரில் ஒரு முறை, போலியான கல்லூரிப் பட்டியலைக் கொடுத்து சாய்ஸ் ஃபில்லிங் பழக ஜனவரியில் ஒரு முறை என்று வகுப்பறையிலேயே நடத்தினால் போதும். கணினி ஆசிரியருக்கு இரண்டு பீரியட் வேலை. பிராக்டிகல் நோட்டுக்குக் கையெழுத்து வாங்குவதை விடாத பள்ளிகள் இதைச் செய்ய முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கலந்தாய்வின் வால்பகுதியில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சுற்று இருக்கிறது. மார்ச்சில் வேதியியலில் தவறி, துணைத் தேர்வில் தேறியவர்களுக்கும், பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைக்காதவர்களுக்கும் துணைக் கலந்தாய்வு நடக்கும். அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் பிறகு, நிரம்பாத அருந்ததியர் இடங்களைப் பட்டியல் சாதியின் மற்ற பிரிவினருக்கு மாற்றித் தரும் கலந்தாய்வு ஒன்று உண்டு. அந்த நேரத்துக்குக் கல்லூரிகளில் வகுப்பு தொடங்கியிருக்கும், பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போயிருக்கும். ஃபெயிலான பிள்ளை என்று ஊர் முத்திரை குத்திய பிறகு, அது ஆகஸ்டில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பதை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வது யார் வேலை என்று எந்த அரசாணையிலும் இல்லை. இப்போதைக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் சில வகுப்பாசிரியர்கள், தங்கள் சொந்த செல்போனிலிருந்து.